சாரலுக்கு முன் ஒரு சித்திரை நாள்



குற்றாலம் என்ற பெயரைக் கேட்டவுடன் உங்கள் நெஞ்சில் எழும் காட்சி எது? பாறை மீது வெள்ளியை உருக்கி ஊற்றியது போல் இறங்கும் பேரருவி. முகத்தை நனைக்கும் மென்சாரல். தெருவோரக் கடைகளில் குவிந்து கிடக்கும் மங்குஸ்தான், ரம்புட்டான் பழங்கள். நீங்கள் காண வருவது ஆனி, ஆடி மாதங்களின் குற்றாலம். நான் இன்று உங்களை அழைத்துச் செல்ல விரும்புவதோ, வெளியூரார் அதிகம் எட்டிப் பார்க்காத சித்திரை மாதத்துக் குற்றாலத்திற்கு. அதற்கு முன்னர், அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் தொலைவில், தென்காசியில் நான் ஓதிக் கொடுக்கும் மக்தப் மதரஸாவின் பின்முற்றத்திற்கு.

நம் முன்னோர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தனர். சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். ஆனால் எங்கள் பகுதி இந்தக் கணக்குக்கு அடங்காதது. மற்ற மாவட்டங்கள் வெயிலில் வாடும் ஆனி, ஆடியில்தான் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்கோட்டைக் கணவாய் வழியே நுழைந்து எங்கள் ஊர்களைக் குளிர்விக்கும். முதுவேனிலே எங்களுக்குக் கார்காலம்! அப்படியானால் இளவேனில் எங்களுக்கு எதற்குரிய காலம்? வேம்பு பூக்கும், புங்கு தளிர்க்கும், கொன்றை பொன்னாய்த் தொங்கும். அவற்றைக் கண்டு மகிழலாம். ஆயினும் தோட்டம் போட விரும்புவோருக்கு அது நடவுக்காலமன்று. குழி வெட்டும் காலம். இந்த உண்மையை நாற்பது வயதைக் கடந்த பிறகே நான் கற்றுக்கொண்டேன். அதற்கு முன் நான் செய்த ஒரு பிழையையும் உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

நான் வெட்டச் சொன்ன மரம்

எங்கள் மதரஸாவின் பின்முற்றத்தில் ஒரு புங்கமரம் இருந்தது. எனக்கு முன் ஓதிக் கொடுத்த உஸ்தாதின் காலத்திலேயே அது பெரிய மரம். மாசி, பங்குனியில் இலையெல்லாம் உதிர்க்கும். பின் தளிர்த்துப் பூத்துப் பூவையும் உதிர்க்கும். காலையில் பிள்ளைகள் வருமுன் பெருக்கினால், அவர்கள் 'அலிஃப், பே' சொல்லி முடிப்பதற்குள் மீண்டும் சருகு நிறைந்திருக்கும். சுத்தம் ஈமானோடு தொடர்புடையது என்று பாடம் நடத்தும் ஆசிரியரின் முற்றம் இப்படிக் குப்பையாகக் கிடக்கலாமா என்று எனக்குள் ஓர் ஆத்திரம்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், முற்றத்தைச் சீரமைக்க நிர்வாகத்தார் என்னிடம் கருத்துக் கேட்டபோது, மரத்தை எடுத்துவிட்டு முற்றம் முழுவதும் சிமெண்ட் தளம் போட்டுவிடலாம் என்று வற்புறுத்தியவன் நானே. அவர்கள் தயங்கினார்கள்; நான் தயங்கவில்லை. மரம் சாய்ந்த அன்று, பக்கத்து வீட்டு மூதாட்டி சுவரோரம் வந்து நின்று பார்த்தார்.

"அஜரத், குருவிகளுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்தீர்களா?" என்று கேட்டார்.

சிரித்துவிட்டு நகர்ந்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டு நகரவில்லை. முதல் கோடையிலேயே தளம் தணலாயிற்று. அஸருக்கு வரும் சிறு பிள்ளைகள் குதிகாலைத் தூக்கித் தூக்கி ஓடினார்கள். அடுத்து வந்த சாரலில் இன்னொன்றையும் கண்டேன். முன்பு முற்றத்து மண்ணில் இறங்கிய மழைநீர், இப்போது வழுவழுப்பான தளத்தில் சறுக்கித் தெருச் சாக்கடைக்குள் விழுந்தது. ஒளுச் செய்த நீரும் அதே வழியில் போயிற்று. முற்றத்தின் ஓரத்திலுள்ள கிணற்றில் பங்குனிக்குள் வாளி தரை தட்டியது. சுத்தமான முற்றம் கிடைத்துவிட்டது. ஆனால் நிழலும் நீரும் போய்விட்டன.

எதையும் நடாத தோட்ட வேலை

சென்ற ஆண்டு சித்திரையில், பள்ளித் தேர்வுகள் முடிந்திருந்த ஒரு சனிக்கிழமை. தளத்தின் ஒரு பாதியைக் கொத்தனார் முந்தின நாளே உடைத்து அகற்றியிருந்தார். சுபுஹுத் தொழுகை முடிந்ததும் பிள்ளைகள் பதினைந்து பேர் கடப்பாரை, மண்வெட்டி, இரும்புச் சட்டிகளோடு கூடிவிட்டனர். எங்களுக்கு வழிகாட்ட, இளமையில் குற்றால மலைத் தோட்டங்களில் கூலி வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வந்திருந்தார்.

பிள்ளைகள் கையில் கன்றுகளும் இருந்தன. அவற்றைப் பார்த்த பெரியவர், "இதையெல்லாம் நிழலில் வையுங்கள். இன்றைக்கு நடுவதற்கு வேலையில்லை. குழிதான் வெட்ட வேண்டும்" என்றார். பிள்ளைகளின் முகம் வாடியது. உண்மையைச் சொன்னால், என் முகமும்தான்.

பெரியவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டில் இரண்டடி மண் உள்ளவருக்கும் இது பயன்படும். எலுமிச்சைக்கு இரண்டரை அடி நீளம், அகலம், ஆழம். முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஒன்றரை அடி போதும். வெட்டும்போது மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் தனித்தனியே குவிக்க வேண்டும். பின் குழியை அப்படியே சில வாரங்கள் வெயிலில் காயவிட வேண்டும். மண்ணில் ஒளிந்திருக்கும் பூச்சி முட்டைகளையும் பூஞ்சணத்தையும் சூரியன் பெருமளவு அழித்துவிடும். முதல் மழை விழுந்ததும் மேல்மண்ணோடு நன்கு மக்கிய தொழுவுரமும் சிறிது வேப்பம்பிண்ணாக்கும் கலந்து நிரப்பி, அதன் பிறகே கன்று வைக்க வேண்டும். "வெயில் தன் வேலையைச் செய்யட்டும், மழை தன் வேலையைச் செய்யட்டும். நடுவில் நம் வேலை இந்தக் குழி மட்டும்தான் அஜரத்" என்றார் அவர்.

தவக்குல் என்னும் இறைநம்பிக்கையைப் பற்றி எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அதன் பின் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியைத் திர்மிதி நூலிலிருந்து எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பாடத்தின் பொருள் அன்றுதான் கைக்கு எட்டியது. குழி வெட்டுவது ஒட்டகத்தைக் கட்டுவது. மழை நம் கையில் இல்லை.

தளத்துக்கு அடியில் இருந்த மண்ணைக் கண்டு திடுக்கிட்டேன். எட்டு ஆண்டுகள் காற்றும் நீரும் படாத அந்த மண் வெளுத்து, இறுகி, கடப்பாரையைத் திருப்பி அடித்தது. ஒரு மண்புழுகூட இல்லை. சிமெண்ட் எட்டாத மதிலோரத்தில், பல ஆண்டுச் சருகு மக்கிய ஒரு முழ அகல மண்ணோ, கறுத்து, பொலபொலவென்று, மண்புழுக்களோடு இருந்தது. ஒரே முற்றம், ஒரே மண். ஒன்றை மூடி வைத்தோம். மற்றொன்று நம் கண்ணில் படாமல் தப்பித்தது.

மண்புழுவை அற்பமாக எண்ணாதீர்கள். இங்கிலாந்தின் அறிஞர் டார்வின், தம் வாழ்நாளின் இறுதியில், 1881ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் மண்புழுக்களைப் பற்றியதே. நம் முன்னோரும் மண்ணை ஆராய்வதைத் தாழ்வாகக் கருதியவர்களல்லர். 11ஆம் நூற்றாண்டில் தொலைதோ நகரின் இப்னு பஸ்ஸாலும், 12ஆம் நூற்றாண்டில் செவில் நகரின் இப்னுல் அவ்வாமும் உழவைப் பற்றி அரபு மொழியில் தனி நூல்களே இயற்றினர். மண்ணின் வகை, உரம், நடவு, ஒட்டுக் கட்டுதல் ஆகிய அனைத்தும் அவர்களுக்கு அறிவுத்துறைகளாக விளங்கின. அந்த மரபில் வந்த நான், சருகைக் குப்பை என்று நினைத்தேன்!

வாளி சொன்ன கணக்கு

வெயில் ஏறியதும் வேலையை நிறுத்தினோம். ஒரு பிள்ளையின் வீட்டிலிருந்து நுங்கு வந்தது. லுஹருக்கு ஒளுச் செய்யும்போது பெரியவர் ஒரு காரியம் செய்தார். குழாய்களுக்கு அடியில் ஆளுக்கொரு வாளியை வைக்கச் சொன்னார். ஒளுச் செய்து முடித்துப் பார்த்தால், பல வாளிகளில் பாதிக்கு மேல் தண்ணீர். என் வாளியும் அதில் ஒன்று.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவு நீரில் ஒளுச் செய்வார்கள் என்று புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ளது. 'முத்' என்பது ஓர் ஆளின் இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு. இன்றைய கணக்கில் ஏறக்குறைய முக்கால் லிட்டர். ஓடும் ஆற்றின் கரையில் அமர்ந்து ஒளுச் செய்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்ற கருத்தில் ஓர் அறிவிப்பு இப்னு மாஜாவில் உண்டு. இதைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தவன் நான். வாளி எனக்கே அதைத் திருப்பி ஓதிக் காட்டியது.

ஒளு நீரில் சோப்பு இல்லை, எண்ணெய் இல்லை. செடிக்கு ஊற்ற அதைவிட எளிய நீர் வேறு ஏது? அன்று பிற்பகலே சாக்கடைக்குப் போன வழியை அடைத்து, ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, அந்நீரை மதிலோர மண்ணுக்குத் திருப்பினோம். அங்கே இரண்டு வாழைக்கன்றுகளும் கல்வாழையும் வைத்தோம். அந்த நாளில் நாங்கள் நட்டவை அவை மட்டுமே.

வற்றிய அருவியின் அடியில்

உழைத்த பிள்ளைகளுக்குப் பரிசாக, அஸருக்குப் பின் அவர்களைக் குற்றாலத்துக்குப் பேருந்தில் அழைத்துச் சென்றேன். பேரருவியின் முன் நின்றதும் ஒரு சிறுவன், "தண்ணீரே இல்லையே அஜரத்!" என்றான். உண்மைதான். ஆடியில் இடியென இரையும் அந்தப் பாறைச் சுவரில், நூல் போல் ஒரு நீர்க்கோடு மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. கடைகள் பலவும் மூடிக் கிடந்தன. குரங்குகள்தாம் ஊரை ஆண்டன.

"இல்லை என்று சொல்லாதே. மழை நின்று எத்தனையோ நாள் ஆகிவிட்டது. அப்படியிருக்க, இந்த ஒரு கோடு நீர் எங்கிருந்து வருகிறது என்று கேள்" என்றேன்.

வாசகர்களே, அந்தக் கேள்விக்கான விடை அருவியில் இல்லை. அதற்கு மேலே உள்ள காட்டில் இருக்கிறது. மலைக்காட்டில் விழும் இலையை எவரும் பெருக்குவதில்லை. சருகு மேல் சருகாக விழுந்து, மக்கி, பஞ்சு போன்ற மண்ணாகிறது. பெய்த மழையை அந்தப் பஞ்சு குடித்து வைத்துக்கொண்டு, வேர்களின் வழியும் பாறை இடுக்குகளின் வழியும் சொட்டுச் சொட்டாக வெளிவிடுகிறது. அந்தச் சொட்டுகள் சேர்ந்தே சிற்றாறு. குற்றாலத்தில் அருவியாய் விழுந்து, தென்காசி வழியே நடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கும் ஆறு அது. நான் எந்தச் சருகுக்காக ஒரு மரத்தை வெட்டச் சொன்னேனோ, அந்தச் சருகு காக்கும் நீரைத்தான் ஊர் ஊராக மக்கள் பருகுகிறார்கள்! பாறையின் முன் நின்று இதை எண்ணியபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னேன்.

நீரைத் தேக்கி வைக்க மண் தவறும்போது என்ன நேர்கிறது என்பதையும் நாம் அறிவோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையில், நம் மக்கள் நிறைந்து வாழும் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அத்தகைய பெருமழையை எந்தத் தோட்டமும் தடுத்துவிடாது. ஆனால் வீட்டு முற்றம், தெரு, வெளி எல்லாம் சிமெண்ட் ஆகிவிட்டால், சிறு மழைகூட வெள்ளமாகும்; அடுத்த மாதமே கிணறும் வற்றும். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்ற சட்டம் 2003ஆம் ஆண்டே வந்துவிட்டது. சட்டத்துக்காகக் குழாய் வைத்தோம். மண்ணுக்காக மனம் வைத்தோமா?

கோடை அருவியின் மெலிவைக் கண்டு ஏமாறவும் கூடாது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து, பதினேழு வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அதனால் பிள்ளைகளை நீரருகே விடாமல், எட்ட நிறுத்தியே பேசினேன். நீர் அருட்கொடை, அதற்குரிய அச்சத்தோடு அணுக வேண்டிய அருட்கொடை.

குற்றாலத்துக்கும் தோட்டத்துக்கும் உள்ள உறவு பழையது. கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்திலேயே இங்கே சாதிக்காய், கிராம்பு போன்ற வாசனைப் பயிர்களை வளர்க்கும் தோட்டங்கள் எழுந்தன. கிழக்கே தொலைதூரத் தீவுகளில் விளைந்து, ஒரு காலத்தில் அரபு வணிகர்களின் மரக்கலங்களில் உலகைச் சுற்றிய பொருள்கள் அவை. 19ஆம் நூற்றாண்டில் ராபர்ட் வைட் என்ற தாவரவியல் அறிஞர் இந்த மலையில் அலைந்து செடிகளைச் சேகரித்தார். ஐந்தருவிக்கு அருகில் தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்கா உள்ளது. அடுத்த முறை வருவோர், குளித்த கையோடு திரும்பிவிடாமல் அதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

மஃரிப் பாங்கு நெருங்க, நாங்கள் தென்காசிக்குத் திரும்பினோம். உடல் முழுவதும் வலி. முற்றத்தில் வாய் திறந்த குழிகள் மட்டுமே இருந்தன. ஆயினும் அத்தகைய நிறைவான நாளை நான் நெடுங்காலம் கண்டதில்லை.

புழுவுக்கும் பங்குண்டா?

ஆனியில் சாரல் வந்தது. பிள்ளைகள் ஓடி வந்து குழிகளைப் பார்த்தார்கள். தளத்தில் விழுந்த நீர் தெருவுக்கு ஓடியது. குழியில் விழுந்த நீர் சிறிது நேரம் நின்று, பின் மண்ணுக்குள் மறைந்தது. அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பெரியவர் சொன்னபடி நிரப்பி, எலுமிச்சை, முருங்கை, கறிவேப்பிலை, நடுவில் ஒரு புங்கு என நட்டோம். உதிரும் சருகை இப்போது நாங்கள் எரிப்பதில்லை. கன்றுகளின் தூரில் மூடாக்காகப் போடுகிறோம்.

கிணறு நிறைந்துவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். ஓராண்டில் அப்படி எதுவும் நடந்துவிடாது. கறிவேப்பிலை பட்டுப்போய் மறுபடி வைத்தோம். புங்கங்கன்று இன்னும் என் இடுப்பளவே உள்ளது. அதன் நிழலில் நான் அமர்ந்து ஓதிக் கொடுப்பேனா என்பது அல்லாஹ்வுக்கே தெரியும்.

புரட்டாசியில் ஒரு நாள், எலுமிச்சைக் கன்றின் இலைகளைப் பச்சைப் புழுக்கள் தின்றுகொண்டிருந்தன. பிள்ளைகள் குச்சியோடு வந்துவிட்டார்கள். ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதனோ, பறவையோ, விலங்கோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்ற நபிமொழியை (புகாரி, முஸ்லிம்) அந்த வாரம்தான் நடத்தியிருந்தேன். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டாள்:

"அஜரத், புழு தின்றாலும் நமக்கு நன்மை எழுதுவார்களா?"

உடனே விடை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அந்தப் புழு எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் குழந்தை என்பதை மட்டும் சொன்னேன். "அப்படியானால் ஒரு கிளையை அதற்கு விட்டுவிடுவோம்" என்று அவர்களே தீர்ப்புச் சொன்னார்கள். ஒரு கிளையிலிருந்த புழுக்களை விட்டுவிட்டு மற்றவற்றை அகற்றினார்கள். சில நாட்களில் கறுப்பும் மஞ்சளுமான ஒரு பட்டாம்பூச்சி முற்றத்தில் சுற்றியது. குருவிகளுக்குக் கொடுக்காத நோட்டீசுக்கு ஓரளவேனும் ஈடு செய்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. பக்கத்து வீட்டு மூதாட்டியை அழைத்துக் காட்டினேன். "மரம் பெரிதாகட்டும், பார்க்கலாம்" என்றார். அவ்வளவு எளிதில் என்னை மன்னிக்க அவர் அணியமாக இல்லை!

அன்புச் சகோதர சகோதரிகளே! ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களை அடிமைத்தளையிலிருந்து மீட்பதற்கான நிபந்தனைகளுள் ஒன்று, முந்நூறு பேரீச்சங்கன்றுகளை நட்டுத் தருவது. தோழர்கள் கன்றுகளைத் திரட்டித் தந்தார்கள். ஸல்மான் (ரலி) அவர்கள் குழிகளைத் தோண்டினார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தால் கன்றுகளை நட்டார்கள். அந்த வரலாற்றிலும் குழியே முதலில் வந்தது.

கடையநல்லூரிலும் வடகரையிலும் பொட்டல்புதூரிலும், நீங்கள் வாழும் எந்த ஊரிலும், பள்ளிவாசலும் மதரஸாவும் மையவாடியும் இருக்கும். அங்கே சிமெண்ட் படாத இரண்டு முழ மண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் இரண்டு முழத்தைத் திறந்துவிடுங்கள். ஒளு நீர் எங்கே போகிறது என்று ஒரு நாள் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். மாடி வீட்டில் வாழ்வோர், அரிசி களைந்த நீரை ஒரு தொட்டிச் செடிக்கு ஊற்றுங்கள். வரும் சித்திரையில், உங்கள் பிள்ளைகளின் கையில் கன்றைக் கொடுப்பதற்கு முன் மண்வெட்டியைக் கொடுங்கள்.

இறந்த பூமியை மழையால் உயிர்ப்பிக்கும் வல்லவன், அந்த மழையை ஏந்திக்கொள்ளும் மண்ணையும் மனத்தையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.